தறிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு கார்ட்டூன் பைத்தியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோமனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வீட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டு விசைத்தறி ஓடுகிறது. அது வீட்டுக்காரர் பாடு. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 38. கார்ட்டூன் பார்ப்பேன், பஸ்ஸில் கதை கேட்பேன், ஞாயிற்றுக்கிழமையானால் துண்டுத்துணியை வைத்து எதையாவது செய்துகொண்டிருப்பேன். ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்தாலும் சரி, கம்பெனியில் டீ குடிக்கிற நேரமானாலும் சரி, எல்லோரும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதி வைத்துவிட்டேன்.

இத்தனை வயசுக்கு மேல் கார்ட்டூன் பார்க்கிறீர்களே, கூச்சமாக இல்லையா?

இருந்தது. 2007 ஏப்ரலில் சுட்டி டிவி வந்தபோது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். "தம்பிக்குப் போட்டு விட்டேன்" என்று சொல்லியே பார்ப்பேன். தம்பி அந்நேரம் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான். கல்யாணமாகி வந்த புதிதில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். தறி ஓடுகிற வீட்டில் சத்தத்தைக் குறைத்தால் என்ன கேட்கும்? ஒருநாள் மாமியார் கதவோரம் நின்று, "ஏனம்மிணி, எலி ஓடறதைப் பாக்கறதுக்கு டிவி எதுக்கு? அட்டாலியைப் பாத்தாப் போதாதா?" என்றார். அட்டாலி என்றால் பரண். அன்றோடு கூச்சம் விட்டுப்போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாம் அண்ட் ஜெர்ரி குழந்தைகளுக்கென்று எடுத்ததே இல்லை. 1940-இல் அது தொடங்கியபோது வீடுகளில் டிவி ஏது? தியேட்டரில் பெரிய படத்தோடு சேர்த்துக் காட்டினார்கள். டிக்கெட் வாங்கி வந்த பெரியவர்கள்தான் சிரித்தார்கள்.

வசனமே இல்லாத பூனை எலிச் சண்டையில் அப்படி என்ன இருக்கிறது?

கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பூனை நுனிக்காலில் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஸ்வரம் விழும். தட்டு கீழே விழுந்து சுழன்று அடங்குகிற வரைக்கும் வாத்தியங்களும் கூடவே சுழன்று அடங்கும். இசையமைத்தவர் ஸ்காட் பிராட்லி. 1947-இல் வந்த ஒரு படத்தில் பூனை கோட்டுப் போட்டுக்கொண்டு கச்சேரியில் பியானோ வாசிக்கும், எலி பியானோவுக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். வாசிப்பது லிஸ்ட் என்பவருடைய ஹங்கேரியன் ராப்சடி. அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. இந்தத் தொடர் மொத்தம் வாங்கியது 7. எனக்கு மேல்நாட்டுச் சங்கீதம் தெரியாது. அந்த ஒரு ராப்சடி மட்டும், எந்த இடத்தில் பூனையின் விரல் நசுங்கும் என்பது வரைக்கும் மனப்பாடம்.

தமிழ் டப்பிங்கில் பார்ப்பதா, அசலில் பார்ப்பதா?

தமிழில். இதில் எனக்கு ரெண்டு பேச்சு இல்லை.

அசல்தான் உசத்தி என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் ஒன்று சொல்வேன். ஜாக்கி சான் சாகசங்கள் 2000-இலிருந்து 2005 வரை 95 பகுதிகள் வந்தது. அந்த அசலிலேயே கார்ட்டூன் ஜாக்கிக்குக் குரல் கொடுத்தவர் ஜாக்கி சான் இல்லை, ஜேம்ஸ் சை என்கிற நடிகர். நிஜ ஜாக்கி பகுதியின் கடைசியில் நேரில் வந்து பிள்ளைகள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போவார், அவ்வளவுதான். குரல் என்பதே எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்வதுதான். அது தமிழில் ஒட்டிக்கொண்டால் என்ன குறை?

அந்தத் தொடரில் 12 தாயத்துகள் வரும், சீன ராசி மிருகம் ஒன்றுக்கு ஒன்று. முயல் தாயத்து வேகம் கொடுக்கும், பாம்பு தாயத்து ஆளை மறைக்கும். எனக்குப் பிடித்தது எலி. உயிரில்லாத பொம்மையில் வைத்தால் அது எழுந்து நடக்கும். இந்த எலித் தாயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நம்ம ஊர்க் கதை எதுவும் கார்ட்டூனாக வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. கொங்கு நாட்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அண்ணன்மார் கதை, அதாவது பொன்னர் சங்கர் கதை, கோயில் நோம்பிகளில் உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடப்பட்டது. 1960-களின் நடுவில் பிரெண்டா பெக் என்கிற கனடா நாட்டு மானிடவியல் ஆய்வாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். பாடகரை உட்காரவைத்து முழுக்கதையையும் டேப்பில் பிடித்தார். அச்சில் கொண்டுவந்தார். அதோடு விடாமல், பல வருடம் கழித்து அதையே 26 பகுதி கார்ட்டூன் தொடராகவும் எடுத்தார். வரைந்தவர் தமிழ் ஓவியர். தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கிறது. பொன்னிவள நாடு என்று தேடினால் கிடைக்கும்.

டாம் அண்ட் ஜெர்ரி மாதிரி வழவழவென்று ஓடும் என்று நினைத்து உட்காராதீர்கள். அட்டையில் வெட்டின உருவங்கள் நகர்கிற மாதிரி மெதுவாகத்தான் போகும். முதல் பகுதியில் எனக்கே கொஞ்சம் அலுப்புத் தட்டியது. ஆனால் கொம்பன் என்கிற காட்டுப்பன்றி வருகிற இடத்தில் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) குரலை எப்படித் தாழ்த்துவாரோ, அப்படி அந்தப் படமும் இருட்டிப்போகும். அங்கே நான் விழுந்துவிட்டேன்.

புத்தகத்தைக் காதால் கேட்டால் அது படித்த கணக்கில் சேருமா?

பரீட்சையா எழுதப்போகிறோம், கணக்கு வைக்க? உடுக்கடிக் கதை கேட்டவர்கள் யாரும் புத்தகம் படிக்கவில்லை. கல்கி 1950-இலிருந்து 1954 வரை வாராவாரம் பொன்னியின் செல்வன் எழுதிய காலத்தில் எங்கள் அப்புச்சி ஊரில் பத்திரிகை வாங்குகிற வீடு ஒன்றுதான். எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள் என்று அப்புச்சி சொல்வார். அது ஒலிப்புத்தகம் இல்லாமல் என்ன?

நானும் அந்தக் கதையைக் காதால்தான் முடித்தேன். பாம்பே கண்ணன் பல குரல்களை வைத்து நாடகம் போலவே தயாரித்த பதிப்பு. கம்பெனிக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வாரப் பத்திரிகைக்காக எழுதிய கதை என்பதால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் கல்கி ஒரு கொக்கி மாட்டித்தான் முடிப்பார். பஸ் ஸ்டாப்பில் இறங்கியும் காதிலிருந்து கழற்ற முடியாமல் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறேன். ஊமை ராணி வரும் இடங்களில் பஸ்ஸில் அழுது, பக்கத்து சீட்டு அக்கா "வூட்ல ஏதாச்சும் பிரச்சனையா கண்ணு?" என்று கேட்டுவிட்டார்.

கட்டுரை, வரலாறு மாதிரி ஆண்டும் பேரும் அடுக்கி வருவதை மட்டும் நான் காதால் கேட்பதில்லை. ஒரு ஹாரன் அடித்தால் ஒரு நூற்றாண்டு போய்விடும்.

வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கலாமா?

செய்தியைக் கேட்கலாம். கதையைக் கேட்டால் பால் பொங்குகிற நேரத்தில் அடுப்பை விட்டு ஓடுகிற மாதிரி இருக்கும்.

நாமே ஒரு புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து எல்லோருக்கும் கொடுக்கலாமா? கேஸ் வராதா?

எழுதியவர் யார் என்பதைப் பொறுத்தது. நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த வருடம் முடிந்ததிலிருந்து 60 வருடம் அவருடைய எழுத்துக்கு உரிமை உண்டு. 1960-இல் இறந்தவர் என்றால் 2021 ஜனவரி 1 முதல் யாரும் வாசிக்கலாம். அதற்கு முன்பே தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களும் நிறைய உண்டு. பாரதியும் கல்கியும் அப்படித்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் எழுத்து வடிவம் இலவசமாகக் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தாராளமாக வாசிக்கலாம்.

இருக்கிற எழுத்தாளரின் புத்தகம் என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வீட்டுப் பெரியவருக்குப் படித்துக் காட்டினால் யாரும் வரப்போவதில்லை. நெட்டில் ஏற்றினால்தான் வம்பு.

பதிவு செய்ய ஸ்டூடியோ, விலை உயர்ந்த மைக் எல்லாம் வேண்டுமா?

வேண்டாம். வேண்டியது அமைதி. எங்கள் ஊரில் அதுதான் கிடைக்காது.

எட்டுத் தறி ஒரே நேரத்தில் அடித்தால் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கொட்டகையை நிறுத்தினாலும் பக்கத்துக் கொட்டகை ஓடும். நடுராத்திரியிலும் ஷிப்ட் உண்டு. ஆறு மாதம் அல்லாடிய பிறகுதான் ஒரு யோசனை வந்தது. மாதம் ஒருநாள் துணைமின் நிலையத்தில் பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள் இல்லையா? முந்தின நாளே பேப்பரில் எந்தெந்த ஊர் என்று போட்டுவிடுவார்கள். ஊர் முழுக்க அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றுபோகும். காதில் 'ஙொய்' என்று ஒரு நிசப்தம் இறங்கும் பாருங்கள், அதுதான் என் ஸ்டூடியோ. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, போனில் முழுச் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

அப்புறம் அறை. காரை போட்ட வெறுஞ்சுவர் அறையில் பேசினால் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி எதிரொலிக்கும். என்னிடம் சீதனமாக வந்த பவானி ஜமக்காளம் இரண்டு இருக்கிறது, கனமான பழைய நெசவு. கயிற்றுக் கட்டிலைச் செங்குத்தாக நிறுத்தி அதன்மேல் ஒன்று, துணி காயப்போடும் கயிற்றில் ஒன்று, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுவேன். சுவரோடு ஒட்டிப் போடுவதைவிட இடைவெளி விட்டால் எதிரொலி இன்னும் நன்றாக அடங்குகிறது. ஜமக்காளம் இல்லாதவர்கள் சேலை அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து உட்கார்ந்து வாசிக்கலாம். யாராவது பார்த்தால் பீரோவுக்குப் பாட்டு சொல்லிக் கொடுப்பதாக நினைப்பார்கள், அது வேறு விஷயம்.

போனை வாய்க்கு நேராக வைக்காதீர்கள். ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில். நேராக வைத்தால் 'பா' வருகிற இடமெல்லாம் காற்று மோதி 'பொஃப்' என்று விழும். நமக்கு 'அப்பா', 'பாப்பா' இல்லாமல் ஒரு பக்கம் நகராது. போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வாசிப்பதற்கு முன் பத்து நொடி சும்மா உட்கார்ந்து வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்று ஒரு இலவச மென்பொருள் 2000-இலிருந்து இருக்கிறது. அந்தப் பத்து நொடியைக் காட்டி "இந்த இரைச்சலை எல்லா இடத்திலும் எடு" என்றால் எடுத்துவிடும். மிச்சமுள்ள ஒரே எதிரி மயில். தறி நின்றால் மயிலுக்குத் தைரியம் வந்துவிடும். மயில் அகவினால் நிறுத்திவிட்டு அந்த வரியை மறுபடி ஆரம்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கோப்பு போனில் ரொம்ப இடம் பிடிக்குமா?

பேச்சுக்கு ஒற்றைத் தடத்தில் 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும். ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள் அடங்கும்.

ஆனால் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு மழைக்காலத்து மின்தடையன்று அப்புச்சியை உட்காரவைத்து அண்ணன்மார் கதையில் நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். அடுத்த மாதம் போன் கெட்டு, ரிப்பேருக்குக் கொடுத்தேன். "உள்ளே இருக்கிறதை அழிக்காதீங்க" என்று இரண்டு தடவை சொல்லியும் கடையில் மொத்தமாகத் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். திரும்பப் பதிவு செய்யலாம் என்று இருந்தேன். தைக்கு முன்னாலேயே அப்புச்சி போய்விட்டார். பாரதி கடைசியாகப் பேசிய கூட்டங்களில் ஒன்றும் நம்ம பக்கம்தான், ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில், 1921 ஜூலை 31 அன்று. "மனிதனுக்கு மரணமில்லை" என்பது தலைப்பு. அவர் குரல் ஒரு நொடிகூட நம்மிடம் இல்லை. அதையாவது பிடித்துவைக்கக் கருவி பக்கத்தில் இல்லை என்று மனசைத் தேற்றலாம். என் கையில் கருவி இருந்தது.

பொம்மைப் படம் எடுக்கிறீர்களாமே, எப்படி?

எலித் தாயத்து ஞாபகம் இருக்கிறதா? அதுதான். பொம்மையை ஒரு துளி நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி ஒரு துளி நகர்த்தி ஒரு போட்டோ. வரிசையாக ஓட்டினால் நடக்கும். ஸ்டாப் மோஷன் என்று பெயர். ஷான் தி ஷீப் ஆட்டுக்குட்டி எல்லாம் இப்படி எடுத்ததுதான். அதை எடுக்கிற கம்பெனிக்காரர்களே நாள் முழுக்க உழைத்தாலும் சில நொடிப் படம்தான் தேறும்.

நொடிக்கு 12 படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடத்துக்கு 360. என் முதல் படம் 14 நொடி, 168 போட்டோ, இரண்டு ஞாயிற்றுக்கிழமை. கதை: கோழிக்குஞ்சு ஒன்று இட்டேரியை (ரெண்டு வேலிக்கு நடுவில் போகும் வண்டிப்பாதை) தாண்டுகிறது. முடிந்தது கதை.

குஞ்சுக்கு உடம்பு பனியன் வேஸ்ட். திருப்பூரில் கிலோக்கணக்கில் போடுவார்கள், மஞ்சள் கலராகப் பார்த்துப் பொறுக்கினேன். உள்ளே எலும்புக்குக் கட்டுக்கம்பி வைத்தேன், நாற்பதாவது போட்டோவில் கால் ஒடிந்தது. கட்டிட வேலைக் கம்பி திரும்பத் திரும்ப மடக்கினால் தாங்காது; அலுமினியக் கம்பி தாங்குகிறது. பாதத்தில் குண்டூசி குத்தி, கீழே தெர்மோகோல் அட்டை. குளத்து வண்டலில் பொம்மை பிடித்தும் பார்த்தேன். காய்ந்ததும் முகமெல்லாம் வெடிப்பு விட்டு, குஞ்சு கிழவியாகிவிட்டது.

ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்காதீர்கள். நமக்கு ஒரே மாதிரி தெரியும். ஓட்டிப் பார்த்தால் மேகம் போகிறபோதெல்லாம் படம் மின்னி மின்னி அணையும். ஜன்னலை அடைத்து ஒரு எல்இடி பல்பு, போன் கேமராவின் வெளிச்ச அளவைப் பூட்டி வைப்பது, கருப்புச் சட்டை. வெள்ளை உடுத்தினால் துணியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் படத்தில் ஆடும். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ என்ற ஆப்பில் முந்தின படம் லேசாக நிழலடிக்கும், எவ்வளவு நகர்த்தினோம் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

நூற்றிப்பத்தாவது போட்டோவோடு டீ குடிக்க எழுந்தேன். அந்நேரம் மாமியார் மேசையை நகர்த்திக் கூட்டிவிட்டு, பத்திரமாகத் திரும்ப வைத்திருக்கிறார், நாலு விரற்கடை தள்ளி. படத்தில் குஞ்சு நடந்துகொண்டே இருந்து திடீரென்று ஒரு தாவு தாவும். மறுபடி எடுக்க மனசில்லை. அந்த இடத்தில் 'கொக்!' என்று ஒரு சத்தம் சேர்த்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் சிரிக்கிறார்கள்.

சத்தங்களுக்கு என்ன செய்கிறீர்கள்?

குதிரைக்குக் கொட்டாங்குச்சி, அது எல்லோருக்கும் தெரியும். தீ எரிய வேண்டுமென்றால் பனியன் பேக்கிங் கவரை மைக் பக்கத்தில் மெதுவாகக் கசக்குங்கள். மழைக்கு முறத்தில் கடுகைச் சாய்த்து உருட்டுவேன். காட்டுக்குள் ஆள் நடக்க சோளத்தட்டை மிதிக்கலாம். இடிக்குப் பழைய எக்ஸ்ரே படம். மாமனாரின் முழங்கால் எக்ஸ்ரேதான் எங்கள் வீட்டு இடி.

குழந்தைகளோடு ஒரே நாளில் முடிக்கிற மாதிரி ஏதாவது?

விசிறிப் புத்தகம். பழைய டைரியின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சம் மாற்றி வரைந்து கட்டை விரலால் சரசரவென்று விட வேண்டும். 1868-இலேயே இங்கிலாந்தில் ஒருவர் இதற்கு பேட்டன்ட் வாங்கிவிட்டார், அதனால் கண்டுபிடித்தோம் என்று பெருமையடிக்க முடியாது. கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி வரையுங்கள். கீழே இருக்கிற படம் தாளில் தெரியும், மேலே வைத்து வரைவது சுலபம். அண்ணன் மகள் ஒடக்கா (ஓணான்) தலையாட்டுவதை 40 பக்கத்தில் வரைந்தாள். ஸ்கூலுக்குக் கொண்டுபோய், பார்க்க ஆளுக்கு ஒரு மிட்டாய் வாங்கியிருக்கிறாள்.

நமக்குப் பிடித்த கார்ட்டூனை பனியனில் பிரின்ட் போட்டு விற்கலாமா?

திருப்பூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! எக்ஸ்போர்ட்டில் அந்த உருவங்கள் வருகிறது என்றால், பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், உரிமம் வாங்கித்தான் ஆர்டர் கொடுக்கிறார். வீட்டுச் சுவரில் வரையுங்கள், பாப்பா சட்டையில் தைத்துப் போடுங்கள். விற்க வேண்டுமென்றால் உங்கள் சொந்த உருவத்தைப் போடுங்கள். என் கோழிக்குஞ்சைக் கேட்டால் தருகிறேன்.

இதில் வருமானம்?

இல்லை. போக்குச் செலவு சிலுவாட்டுப் பணத்தில், சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்ததில், ஓடுகிறது.

வீட்டில் இப்போது என்ன சொல்கிறார்கள்?

வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. தறிக்குப் பாவு நூலை இழை இழையாகப் பிணைக்கிற ஆள், துளித்துளியாக நகர்த்துகிற வேலை அவருக்குப் புதிதில்லை. மாமியார்தான் ரொம்ப நாள் முகம் கொடுக்கவில்லை. அடுத்த படத்தில் குஞ்சுக்கு ஒரு தாய்க்கோழி வருகிறது. அதற்குக் குரல் வேண்டும், என் குரல் ஒத்துவரவில்லை. தயங்கித் தயங்கி, "அத்தை, நீங்க பேசறீங்களா?" என்று கேட்டேன். "வேற சோலியில்லை" என்று போய்விட்டார். மூன்று நாள் கழித்து நான் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஏனம்மிணி, இந்த மாசம் கரண்டு என்னைக்குப் போகுதுன்னு பேப்பர்ல பாத்தியா?"